வில்லன் வேண்டாம் என்றேன்

ஐம்பதுகளின் கடைசியில், வாரப் பத்திரிகை ஒன்றில் புனைபெயரில் ஒரு காதல் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா வேலை. மூன்று வாரம் போனதும் ஆசிரியரிடமிருந்து கார்டு வந்தது. 'காதலர்கள் முக்கொம்பு அணைக்கரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தால் படிப்பவர் தூங்கிவிடுவார். சண்டை வேண்டும். முறைமாமனை வில்லனாக்குங்கள், இல்லையென்றால் நாயகிக்குக் காசநோய் வரட்டும்.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆசைப்பட்ட பாவத்துக்கு ஒருத்தி இருமிச் சாக வேண்டுமா? சண்டைக்கு வெளியாள் எதற்கு? எங்கள் வீட்டில் இருந்த இரண்டு பேரே தாராளமாகப் போதும்.

பஸ்ஸில் தினமும் போய்வரும் தூரத்தில், புத்தூர்ப் பக்கம் ஆசிரியப் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. வகுப்பு தொடங்க இன்னும் ஒன்றரை மாதம். போகக் கூடாது என்று என் கணவர் ஒற்றைக்காலில் நின்றார்.

"இப்ப எதுக்குப் படிப்பு? நமக்கு என்ன குறை?"

"குறை இருந்தாத்தான் படிக்கணுமா?"

"நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"பேசட்டுங்க. வாய் வலிச்சா நிறுத்திடுவாங்க."

அவர் மேல் பிரியம் இல்லாமலா? கொள்ளைப் பிரியம். பிரியமில்லாத ஆளோடு மல்லுக்கட்ட எனக்கென்ன தலையெழுத்து? கதையில் அந்தக் காதலர்களுக்குக் கல்யாணத்தை முடித்துவைத்து, இந்தப் பேச்சை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதி அனுப்பினேன்.

அது பத்திரிகையில் வந்த பிறகு அவருடைய ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் இதே பேச்சாம். நாயகியைப் படிக்க அனுப்ப வேண்டும் என்று ஒரு கட்சி, அவள் காலை ஒடிக்க வேண்டும் என்று ஒரு கட்சி. எழுதியது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர் மட்டும் டிபன் பாக்ஸைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்தார்.

"நான் பேசினதை எல்லாம் அச்சுல போட்டுட்டியே."

"நல்லா இருந்துச்சு. போட்டேன்."

"கடைசியில அவ போறாளா, இல்லையா?"

"அவ போறா. அவன் என்ன பண்றான்னுதான் எனக்குத் தெரியலை. திங்கட்கிழமை வகுப்பு. பாத்துட்டு எழுதறேன்."

 திங்கட்கிழமை காலை சமையலை முடித்துவிட்டு, "போயிட்டு வரேங்க" என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. படியிறங்கினேன். திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவேன் என்று பயந்து, பார்க்காமலே நடந்தேன்.

சாயங்காலம் நான் வருவதற்கு முன்பே அவர் வந்திருந்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"பஸ்ல உட்கார இடம் கிடைச்சுதா?"

"கிடைக்கலை. நின்னுக்கிட்டேதான் போனேன். நாளைக்கும் போவேன்."