நாச்சியார் படத்துக்கு முதல் வரிசை

எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்று, அதோடு பள்ளிக்கூடத்தை விட்ட ஆள் சங்கிலிப்பாண்டி. ராஜபாளையத்தில் கேபிள் டிவி வந்த காலத்தில் கம்பம் ஏறி வயர் கட்டினார். கேபிள் போய் இன்டர்நெட் வந்தது. முழங்கால் வலியும் கூடவே வந்தது. கம்பத்தை விட்டு இறங்கி கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்துவிட்டார். இங்கிலீஷ் வாசிக்கத் திணறுவார். ஆனால் இன்டர்நெட்டைப் பிரித்து அனுப்புகிற சுவிட்ச் பெட்டிக்குக் கொடுக்கிற கமாண்டுகளை ஒரு நோட்டில் எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். எது என்ன செய்யும் என்பது அத்துப்படி.

போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் நாச்சியாரின் ஆடிப்பூரத் தேர் வீதி திரும்புகிற நேரம் பார்த்து ஒளிபரப்பு திக்கித் திக்கி நின்றது. சிங்கப்பூரிலிருந்துகூட ஃபோன் போட்டு ஏசினார்கள். முதலாளி சம்பத்குமார் தலைமுறை தலைமுறையாகக் கோயிலோடு ஒட்டிய குடும்பத்துக்காரர். அவருக்கு அது தீராத அவமானம். இந்த வருஷம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"நாச்சியாருக்கு முன்னால ஒரு துரும்பு போகக் கூடாது, சங்கிலி."

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு ஒரே லைன்தான். அதில் ஏறுகிறதையெல்லாம் அங்கிருக்கிற சுவிட்ச் எட்டு வரிசையாக நிறுத்தி அனுப்பும். ஒவ்வொரு வரிசைக்கும் இத்தனை முறை என்று பங்கு வைக்கலாம். முதல் வரிசை தீர்ந்தால்தான் அடுத்தது என்றும் வைக்கலாம். சங்கிலிப்பாண்டி இரண்டாவதை வைத்து, தேர்ப் படத்தை முதல் வரிசையில் விட்டார். அப்படி வைத்தால் முதல் வரிசைக்கு உச்ச அளவு ஒன்று போட்டே ஆகவேண்டும்; இல்லாவிட்டால் மற்ற வரிசைகளுக்கு இடமே கிடைக்காமல் போகலாம். நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. போட உட்கார்ந்தபோது விரல் வரவில்லை. நாச்சியாருக்கு அளவு வைக்க நாம் யார்? விட்டுவிட்டார்.

சோதித்துப் பார்த்தபோது கேமரா இரண்டு; லைனில் இடம் மிச்சம் இருந்தது. தேரன்று காலையில் முதலாளி நான்காக்கிவிட்டார்.

ஒன்பது மணிக்கு லேண்ட்லைன் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதிகளுக்கு உள்ளே இருக்கிற சின்ன க்ளினிக்கின் நர்ஸ் சிவரஞ்சனி.

"அண்ணே, நெட்டு போகவே மாட்டேங்கு. ஒரு இ.சி.ஜி. அனுப்பணும். கால் மணி நேரமா சுத்திக்கிட்டே கெடக்கு."

"செல்லுல அனுப்பேன் தாயி."

"எந்தச் செல்லுல? இம்புட்டுக் கூட்டத்துல டவர் செத்துக் கெடக்கு. தேர் வழி விடாம ஆம்புலன்ஸும் வெளிய போகாது. சுந்தரபாண்டியத்து ஆளு, ஐயாதுரைன்னு பேரு. வடம் புடிக்க வந்தவரு நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்துட்டாரு. ரத்தக் கட்டியக் கரைக்க ஊசி இருக்கு. ராஜபாளையத்து டாக்டர் படத்தப் பாக்காம போடச் சொல்ல மாட்டேங்காரு. தப்பாப் போட்டா ரத்தம் கக்கிருவாராம்."

"லைன்லயே இரு."

சங்கிலிப்பாண்டி சுவிட்சின் கணக்கைத் திறந்தார். கடைசி வரிசையில் போனது பூஜ்யம். இடமில்லாமல் தவறி விழுந்த துண்டுகளின் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. க்ளினிக் அந்த வரிசையில்தான் இருந்தது, மொத்த ஊரோடு.

கேமராக்காரர்களோடு பேசுகிற மைக்கும் ஸ்பீக்கரும், அவர் கொடுக்கிற கமாண்டும் முதல் வரிசையிலேயே போகும். தேர் பக்கம் கேமராக்களோடு நின்ற முதலாளியை மைக்கில் கூப்பிட்டார்.

"சார், படத்துக்குப் பங்கு வைக்கணும். வரிசைய மாத்தையில செத்த நேரம் படம் நிக்கும்."

"வெளையாடுறியா? தேர் இப்பத்தான் திரும்புது. திரும்பட்டும், பொறவு பாத்துக்கலாம்."

"எம்புட்டு நேரமாகும்?"

"அத வடம் புடிக்கவங்கள்ட்ட கேளு."

"வடம் புடிக்க வந்தவருதான் சார் நெஞ்சு வலியில கெடக்காரு. அவரு இ.சி.ஜி. போகணும்."

ஸ்பீக்கரில் மேளச் சத்தத்துக்கும் கோவிந்தா கோஷத்துக்கும் மேல் முதலாளி கத்தினார். "ஒண்ணையும் தொடாத சங்கிலி. நான் க்ளினிக்குக்கு ஆள் அனுப்புறேன்."

அந்தக் கூட்டத்துக்குள் யார் போவது, போய் என்ன செய்வது? சங்கிலிப்பாண்டி நோட்டைப் பிரித்தார். படத்துக்கு ஆறு பங்கு, மற்றதுக்கு இரண்டு. ஓர் எழுத்து பிசகியது. சுவிட்ச் ஏற்கவில்லை. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தார். என்டரைத் தட்டினார்.

நான்கு திரைகளும் ஒன்றாகக் கறுத்தன.

ஒன்று, இரண்டு என்று எண்ணினார். பதினெட்டு எண்ணியபோது திரையில் தேர் மறுபடி வந்தது, கொஞ்சம் புள்ளி புள்ளியாக. கடைசி வரிசையின் பூஜ்யம் கலைந்து எண்கள் ஏறின.

"இ.சி.ஜி. போயிருச்சுண்ணே," என்றாள் சிவரஞ்சனி. ஃபோனை மேசையில் போட்டுவிட்டு ஓடுகிற சத்தம் கேட்டது.

"யாரக் கேட்டு நிறுத்துன?" என்று ஸ்பீக்கரில் முதலாளி அதட்டினார்.

"யாரையும் கேக்கல சார். அளவு போடாம விட்டதும் நாந்தான், நிறுத்துனதும் நாந்தான்."

"ஊரே பாத்துக்கிட்டு இருக்குதுய்யா," என்றார் முதலாளி. "அந்த ஆளு எப்படி இருக்காரு?"

"தெரியல."

இருபது நிமிஷம் போனது. சிவரஞ்சனி ஃபோனை எடுத்தாள்.

"டாக்டர் பாத்துட்டாருண்ணே. ஊசி போட்டாச்சு."

"பொழச்சுக்கிடுவாரா?"

"ஒரு மணி நேரம் தாண்டணும்."

"வச்சிராத தாயி. ஃபோனு அப்படியே அவரு பக்கத்துல கெடக்கட்டும்."

அந்தப் பக்கம் நெஞ்சுத் துடிப்பை எண்ணுகிற மெஷின் சீராகக் கூவிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை நின்றதுபோல் இருந்தது. சங்கிலிப்பாண்டி ரிசீவரைக் காதோடு அழுத்தினார். கூவல் மறுபடி கேட்டது.