முரசுக்காரி நெட்டாவின் மேல்முறையீடு

நெட்டா பிரியர்லி திருடியது உண்மை. அதில் யாருக்கும் சந்தேகமில்லை, நெட்டாவுக்கே இல்லை. பகலில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறுவாள். தார்ன்கிளஃப் ஊர்ப் பித்தளை வாத்தியக் கோஷ்டியில் இருபது வருடமாகப் பெரிய முரசு அவளுடையது. பக்கத்து ஊர் மார்ஸ்டேல் கோஷ்டி ஏழாவது வருடமும் வெள்ளிக் கோப்பையை வென்றபோது அவளுக்கு வயிறு எரிந்தது. நாலு கிளாஸ் பீர் வேறு உள்ளே போயிருந்தது. மார்ஸ்டேல் கிளப்பின் பின்கதவை உடைத்துக் கோப்பையைத் தூக்கி வந்துவிட்டாள். போலீஸ் வந்தபோது அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மாதச் சிறை. அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். மார்ஸ்டேல்காரர்களின் ஒத்திகை வாசலில் நின்று வருடக்கணக்காக ஏசியதையும் சேர்த்து ஒரு தடை ஆணையும் போட்டார்கள்: ஐந்து வருடம் மார்ஸ்டேலில் கால் வைக்கக் கூடாது, பொது இடத்தில் மூன்று பேருக்கு மேல் சேர்ந்து நிற்கக் கூடாது. வருடா வருடம் விட் வெள்ளி என்ற திருநாளன்று கோஷ்டிகள் ஊர் ஊராக அணிவகுத்து வாசித்துப் போட்டியிடும். இருபத்தைந்து பேர் கோஷ்டியில் அவள் எங்கே நிற்பாள்? அழுது தீர்த்துவிட்டு மேல்முறையீடு செய்தாள்.

விட் வெள்ளிக்கு முந்தின நாள் விசாரணை. சிறையில் ஒரு டிவி முன்னால் அவளை உட்காரவைத்தார்கள். லண்டனிலிருந்து மூன்று நீதிபதிகள் திரையில் தெரிந்தார்கள். அவளுடைய வக்கீல் ஒரு கடிதத்தை வாசித்தார். எழுதியவர் மார்ஸ்டேல் கிளப் செயலாளர் வில்ஃப் ஹாட்ஃபீல்டு, கோப்பையைப் பறிகொடுத்தவரேதான்!

"இவ களவாணிதான், ஐயா. ஆனா இவ அடி இல்லாம அந்தக் கோஷ்டிக்கு நடையே வராது. நொண்டிக்கிட்டு வர்றவங்கள ஜெயிச்சு எங்களுக்கு என்ன பெருமை? அவள எங்க ஊருக்குள்ள விடுங்க."

நடுவில் இருந்த நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான் என்று நெட்டா இன்றும் சத்தியம் செய்கிறாள். உள்ளே இருந்த ஏழு வாரமே போதும் என்று தண்டனையைக் குறைத்தார்கள். தடை ஆணை அளவுக்கு மிஞ்சியது என்று ரத்து செய்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் மார்ஸ்டேல் தெருமுனையில் அவள் முரசை மாட்டிக்கொண்டாள். இரண்டு பக்கமும் அவள் ஏசிய ஜனங்கள். ஊளையிட்டுத் துரத்தினால்?

"களவாணி வந்துட்டாடா! கோப்பையப் பத்திரமா வைங்க!" என்று கிளப் வாசலிலிருந்து கத்தினார் வில்ஃப். தெருவே சிரித்தது.

"நீங்க எழுதலேன்னா இன்னும் உள்ளதான் இருந்திருப்பேன், வில்ஃப்," என்றாள் நெட்டா.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். நல்லா அடிம்மா. இன்னிக்கி உங்களை முறையாத் தோக்கடிக்கணும்."

"யாரு யாரத் தோக்கடிக்கிறாங்கன்னு பாத்துடலாம்யா!"

சந்தோஷக் கண்ணீரில் தெரு மங்கலாகத்தான் தெரிந்தது. நெட்டா ஓங்கி அடித்தாள். இருபத்து நாலு பேரும் ஒன்றாக இடது காலை எடுத்து வைத்தார்கள்.