பதினான்கு நாள் இடைவெளி

தொழிற்சாலை வாசலில் முப்பது வருடம் காவலுக்கு நின்றவர் அவர். திருடிப்போகும்படியாக அங்கே எதுவும் தயாரானதில்லை என்பது வேறு விஷயம். "அந்த கேட்டைத்தான் யாராவது தூக்கிட்டுப் போகணும்" என்பாள் மனைவி, கேலி பேசிக்கொண்டிருந்த காலத்தில். காவல்காரர் கற்ற சட்டம் ஒன்றுதான்: மாற்று ஆள் வந்து நிற்கும்வரை பழைய ஆள் இடத்தைவிட்டு அசையக் கூடாது.

பிறகு அவள் படுத்த படுக்கையானாள். கடுமையான மன அழுத்தம் என்றார்கள். இரண்டு வருடம் வைத்தியம் பார்த்த டாக்டர், கடைசியில் மாத்திரையை மாற்றினார்.

"பழசை இன்னையோட நிறுத்திடுங்க. பதினாலு நாள் எதுவும் வேண்டாம். அப்புறந்தான் புதுசு. ரெண்டும் உடம்புல சேரவே கூடாது, உயிருக்கே ஆபத்து."

"சரிங்க டாக்டர்."

தலை ஆடியது, மனம் ஆடவில்லை. போன வருடம் நான்கு நாள் மாத்திரை தவறியபோது, மொட்டைமாடி விளிம்பிலிருந்து அவளைக் கைப்பிடித்து இறக்கியவர் அவர். பதினாலு நாள் வாசலைத் திறந்து போடச் சொல்கிறாரே மனுஷர்! பழசை நிறுத்தவில்லை. புதுசையும் அன்றே கொடுத்தார். ஒன்றுக்கு இரண்டு காவல்.

மறுநாள் காலை அவள் எழுந்துவிட்டாள். ஜன்னல்களைத் துடைத்தாள். ஓரிடத்தில் நிற்கவில்லை, வாய் ஓயவில்லை. அவர் பூரித்துப்போய் மகளுக்குப் போன் போட்டார்.

"உங்கம்மா எழுந்துட்டாடி! என்னையத் திட்டுறா, கேளேன்!"

மாலைக்குள் உடம்பு அனலாய்க் கொதித்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்விக்கே அவர் உண்மையைச் சொன்னார். உண்மை சீக்கிரம் வந்துவிட்டது, அவளைக் கொண்டுவந்ததில்தான் தாமதமாகிவிட்டது. இரண்டாம் நாள் அவள் போய்விட்டாள்.

மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டுமே மகளுக்குத் தெரியும். காரியம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஒரு நாளாவது அம்மா நல்லா இருந்தாங்களேப்பா. எனக்கு அது போதும்."

அந்த ஆறுதலை அவளிடமே விட்டிருக்கலாம். அவரால் முடியவில்லை.

"அது நல்லா ஆனதில்லம்மா. அப்பவே விஷம் ஏற ஆரம்பிச்சிடுச்சு. கூடாதுன்னு சொல்லியும் நான்தான் ரெண்டையும் சேர்த்துக் குடுத்தேன்."

மகள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"ஏன்ப்பா?"

"பயந்துட்டேன்மா."

அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் அவரிடம் இல்லை.