தொப்புளில் தடவிய விளக்கெண்ணெய்

நான் வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டியவன். ஒருநாள் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் ஆட்களை இறக்கும்போது, பக்கத்து இருக்கைக்காரர் என் காலடியைக் காட்டினார்.

"இன்னாங்க இது, பிரேக்காண்ட ஒரே ரத்தமா இருக்குது?"

வலது செருப்பைத் துளைத்து ஓர் ஆணி பாதத்தில் ஏறியிருந்தது. மலைப்பாதை முழுக்க அதை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. வலிக்கவில்லையே என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். மடத்தனம்.

அது நரம்புச் சிதைவு (நாள்பட்ட சர்க்கரை நோயால் பாதம் உணர்வற்றுப் போவது) என்றார் கள்ளக்குறிச்சி டாக்டர். இரண்டு மாதத்தில் சுண்டுவிரலை எடுத்தார்கள். எடுத்த இடம் மூடாமல் ஓரம் கறுத்தது. அதன் நாற்றம் என் மூக்கிலேயே ஏறியபோதுதான் பயந்தேன். வலது கால் போனால் ஆக்சிலேட்டரும் இல்லை, பிரேக்கும் இல்லை. எனக்கு வேறு தொழில் தெரியாது.

புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். உயர் அழுத்த ஆக்ஸிஜன் சிகிச்சை (காற்றழுத்தத்தைக் கூட்டிச் சுத்தமான ஆக்ஸிஜனைச் சுவாசிக்க வைப்பது, ரத்தம் சரியாக எட்டாத புண்ணுக்கும் அது கொஞ்சம் எட்டும்) முப்பது முறை வேண்டும் என்றார்கள். நானும் என் மனைவி அஞ்சலையும் விழுப்புரத்தில் மைத்துனன் வீட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் போய்வந்தோம்.

ஆளை நீளமான கண்ணாடிக் குழாய்க்குள் படுக்கவைத்துக் கதவை மூடிவிடுவார்கள். மலையிலிருந்து இறங்கும்போது அடைப்பது போலவே காது அடைக்கும். எச்சில் விழுங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கிடக்க வேண்டும். இயந்திரத்தைக் கவனிக்கும் மும்தாஜ் என்ற பெண் உள்ளே விடும்முன் தினமும் கேட்பார்.

"தலைக்கு எண்ணெய் வெச்சீங்களா? உள்ள முழுக்க ஆக்ஸிஜன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா தீப்பிடிச்சிடும்."

பதினெட்டு முறை முடிந்திருந்தபோது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வலுத்தது. சாலை மறியலில் பஸ் ஓடவில்லை. மறியலில் என் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான் என்று நினைத்த நானே, என் காலுக்காக அவர்களை மனதுக்குள் திட்டினேன். நான்கு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் பஸ் ஓடியது. புதுச்சேரி டாக்டர் புண் கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"ஓரம் மறுபடியும் கறுக்குது. இனிமே ஒருநாள்கூட விடக் கூடாதுங்க. இந்த வாரம் சதை சிவக்கலைன்னா முட்டிக்குக் கீழ எடுக்கணும்."

மறுநாள் காலை அஞ்சலை என் தொப்புளில் விளக்கெண்ணெய் தடவினாள். "தெனம் அந்தப் பொட்டிக்குள்ள படுத்துக்கினு சூடு ஜாஸ்தியாப் பூடுச்சி" என்றாள். சூடு என்றால் தொப்புளில் எண்ணெய், நம் பக்கத்தில் யாரும் இதற்கு யோசிப்பதில்லை. மும்தாஜ் கேட்டது தலையைப் பற்றி. இல்லை என்றேன்.

கதவு மூடி அழுத்தம் ஏறிய பிறகு வயிற்றில் கை வைத்தேன். விரல் வழுக்கியது.

கண்ணாடியைத் தட்டினால் போதும், அழுத்தத்தை இறக்கி வெளியே விட்டுவிடுவார்கள். டீசல் வண்டியோடு கிடந்தவனுக்கு எண்ணெயும் நெருப்பும் தெரியாதா என்ன? ஆனால் தட்டினால் அன்றைய சிகிச்சை போகும். கால் போகும் என்று நினைத்தேன். தட்டவில்லை. விரலை எங்கும் துடைக்கக்கூடத் துணியாமல், மூச்சைக் குறைத்துக்கொண்டு கிடந்தேன். ஒரு கை தூரத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மும்தாஜ் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். தீப்பிடித்தால் அவரும்தான். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான ஒன்றரை மணி நேரம் வந்ததில்லை.

அடுத்த நாள் அவரிடம் சொன்னேன். என் முகத்தையே பார்த்தார்.

"எனக்கும் வூட்ல கொழந்த இருக்குதுங்க" என்றார்.

அதற்குப் பிறகு தலை, தொப்புள், கால் நகம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பழையபடி என்னிடம் சிரித்துப் பேசவில்லை. இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்கள், கேட்காத இடத்தையும் சொல்லிவிடுங்கள். ஆணி ஏறியதை என் பாதம் என்னிடம் சொல்லவில்லை; நானும் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்றும் வெட்கமாக இருக்கிறது.

புண் மூடியது. கால் தப்பியது. கடைசி நாளில் டாக்டர் சொன்னார்: "வண்டி மட்டும் ஓட்டாதீங்க. பிரேக்க மிதிச்சோமா இல்லையான்னு உங்க காலுக்குத் தெரியாது."

இப்போது ஜீப்பை வேறொருவர் ஓட்டுகிறார். சில நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து போகிறேன். இறக்கத்தில் வளைவு வந்தால் என் வலது கால் தானாகத் தரையை மிதிக்கிறது. மிதிக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.