முகுரே போட்ட கோடு

ஓல் பொலோசாட் ஏரிக்கரையில் முகுரேயைத் தெரியாதவர்கள் இல்லை. அவள் உட்கார்ந்து பார்த்தவர்களும் இல்லை. தேநீரை நின்றுகொண்டே குடிப்பாள். தேவாலயத்தில் கடைசி பெஞ்சுக்குப் பின்னால்தான் நிற்பாள், பிரசங்கம் நீண்டால் நழுவ வசதி. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்பார் கணவர் முதூரி.

அந்தக் கால்கள்தான் அவளை ஏரிக்காக அலையவைத்தன. தண்ணீர் ஓரடி பின்வாங்கினால் உருளைக்கிழங்கு இரண்டடி முன்னே போகும் ஊர் இது. கோரை அழிந்தது, கோரைக்குள் கூடு கட்டும் கொண்டை நாரைகளும் குறைந்தன. ஏரியின் எல்லைக்கு நட்ட கற்களோ, தாமே நடந்ததுபோல, தண்ணீருக்குள் போய் நின்றன. பால் ஊற்றும் வரிசையில், கல்யாணப் பேச்சில், இழவு வீட்டில்கூட முகுரே இதையே பேசினாள். அவள் வந்தாலே பேச்சை மாற்றுகிறவர்களும் இருந்தார்கள். அவர்களைத்தான் அவள் முதலில் பிடித்தாள்.

கல்லை நகர்த்துவார்கள், இதோகாவைத் தொடுவார்களா? இதுதான் அவள் யோசனை. எல்லையில், கிழங்கு ஊன்றி வளர்க்கும் இதோகா அல்லியை நட்டுவிட்டால் கிகுயு இனத்தில் பிறந்த எவரும் பிடுங்க மாட்டார்கள். பிடுங்கினால் குடும்பம் விளங்காது. ஊர்க்கூட்டம் தலையாட்டியது. அடுத்த நிலத்துக்காரன் கிதாஹி, அவளோடு பள்ளியில் படித்தவன், அவன் மட்டும் எழுந்தான்.

"மழை வரட்டும் முகுரே. தண்ணி எதுவரைக்கும் ஏறுதுன்னு பாத்துட்டு நடலாம்."

"மழை வர்றதுக்குள்ள நீ ஏரிக்கு நடுவுலயே பீன்ஸ் போட்டுருவ."

கூட்டம் சிரித்தது. முகுரே காத்திருக்கவில்லை. பெண்களைத் திரட்டி, வற்றிச் சுருங்கிக் கிடந்த தண்ணீரின் ஓரமாகவே வரிசை பிடித்து நட்டு முடித்தாள்.

மழை கொட்டியது. ஏரி இதோகாவை மூழ்கடித்து மேலே ஏறியது. முகுரேயின் கிழங்கு வயலில் பாதியும் கிதாஹியின் பீன்ஸ் நிலத்தில் ஒரு மூலையும் சதுப்பானது. அந்த மூலையில் கோரை தழைத்தது. எத்தனையோ வருடம் கழித்து ஒரு ஜோடி நாரை அங்கே கூடு கட்டியது. மறுநாளே கிதாஹி மண்வெட்டியோடு வந்து நின்றான், வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிக்க.

"கூடு இருக்கு, கிதாஹி."

"கோடு நீ போட்டது. ஊரே சாட்சி. அதுக்கு மேல இருக்கறது என் நிலம்."

"தப்பான எடத்துல நட்டுட்டேன்."

"அப்ப பிடுங்கேன்."

அவளால் முடியாது என்று அவனுக்குத் தெரியும். தண்ணீர் வடிந்தால் நாய்கள் கூட்டை விட்டுவைக்காது என்று அவளுக்குத் தெரியும். வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்கும் வயலுக்கும் நடந்து நடந்தே பொழுதைப் போக்கினாள். யாரைத் திட்டுவது? அவசரப்பட்டது அவள்தானே.

பிடுங்கத்தான் கூடாது, தன் நிலத்தில் புதிதாக நட யார் தடுப்பது? பக்கத்து நிலத்துக்காரன் சாட்சியாக நின்றால் போதும். முதூரியிடம் சொன்னாள்.

"அப்ப பாதிக் கிழங்கு போச்சு," என்றார் அவர்.

"போச்சு."

பிறகு கிழங்குக் கூடையைக் கவிழ்த்துக் காலிசெய்து, இதோகாக் கிழங்கு அள்ளிக்கொள்ள அவளிடம் நீட்டினார்.

மறுநாள் கிதாஹி சாட்சிக்கு வந்தான், மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்காமல். முகுரே தன் பச்சைச் செடிகளைத் தானே மிதித்துக்கொண்டு, தண்ணீர் ஏறி நின்ற இடத்துக்கு மேலே நட்டுக்கொண்டு போனாள். வரிசை அவன் நிலத்தின் ஓரத்தில் வந்து நின்றது. கூடையில் இன்னும் இதோகாக் கிழங்குகள் மீதமிருந்தன. கோரைக்குள் நாரையின் பொன்னிறக் கொண்டை தெரிந்தது.

வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். பிறகு ஊரே நம்பாத காரியம் செய்தாள்: ஈர மண்ணில் உட்கார்ந்தாள்.

கிதாஹி அவளைப் பார்த்தான், கூட்டைப் பார்த்தான்.

"குஞ்சு பொரிக்க எவ்ளோ நாளாகும்?"

"ஒரு மாசம்."

"அந்த ஒரு மாசமும் எங்கிட்ட நீ பேசாம இருப்பியா?"

"இருக்கேன்."

"அப்ப கூடைய இங்கயே வெச்சுட்டுப் போ. மிச்சத்த நான் நட்டுக்கறேன்."

வைத்துவிட்டு நடந்தாள். வீடு போய்ச் சேர்வதற்குள் நாலு தரம் திரும்பிப் பார்த்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை.