கடைசியாகத் திருத்தியவர்

தங்கப்பாண்டியனின் போன் அடிக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. சேத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பைக்கில் வருகிறவன், வழியில் நாலு இடத்தில் வண்டியை ஓரங்கட்டிப் பேசிவிட்டுத்தான் மில்லுக்கு வந்து சேருவான். எடை மெஷினில் சீட்டு வரவில்லை, வருகைப்பதிவு மெஷின் விரலை ஏற்கவில்லை, ஒன்பதாம் நம்பர் ஸ்பின்னிங் மெஷின் நின்று நின்று ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் தங்கப்பாண்டியன்தான். பதவி என்னவோ கம்ப்யூட்டர் செக்‌ஷன் உதவியாளர். ஆனால் கரண்டில் ஓடுகிற எதுவும் கம்ப்யூட்டர்தான் என்று எங்கள் மில்லில் என்றைக்கோ முடிவாகிவிட்டது.

நான் அதே மில்லில் ஸ்டோர் கீப்பர். பெயர் ஆவுடையப்பன். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து இருபத்திரண்டு வருஷமாகப் பஸ்ஸில் வந்து போகிறேன். போல்ட்டையும் பேரிங்கையும் எண்ணி எண்ணி எனக்கு மனுஷர்களிடம் பேசும் பொறுமை போய்விட்டது என்று வீட்டில் சொல்வார்கள். தங்கப்பாண்டியனிடம் மட்டும் பேசுவேன். மதியச் சாப்பாட்டை அவன் என் ஸ்டோருக்குள் வந்துதான் சாப்பிடுவான். என் மேல் உள்ள பிரியம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஸ்டோருக்குள் சிக்னல் வராது என்பதுதான் காரணம் என்று பிறகுதான் புரிந்தது.

போன ஆடியில் அவன் மனைவி முனீஸ்வரிக்கு வயிற்றுவலி வந்தது. மதுரையில் காட்டினார்கள். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தே தீர வேண்டும், ஆனால் உடம்பில் ரத்தமே இல்லை, நாலு மாதம் மாத்திரை சாப்பிட்டுத் தேறி வரட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். கார்த்திகையில் ஆபரேஷன் என்று நாள் குறித்தாயிற்று. முனீஸ்வரி பயப்படவில்லை, அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். தயிர்சாதத்தைப் பிசைந்தபடி அவன் அதை என்னிடம் அப்படியே சொன்னான்.

“இந்தத் தடவ நான் கண்ண முழிக்கும்போது நீங்க போன் பேசிட்டு நிக்கக் கூடாது. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. இரண்டாவது பிரசவமும் ஆபரேஷன்தான். மயக்கம் தெளிந்து அவள் கண்ணைத் திறந்தபோது, இவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று யாருக்கோ எடை மெஷினைப் பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தானாம். பிள்ளை ஆணா பெண்ணா என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் கேட்டுத்தான் அவள் தெரிந்துகொண்டாள். பதினோரு வருஷம் ஆகிறது. அவளும் மறக்கவில்லை, இவனும் மறக்கவில்லை.

போனை அணைத்துப் போட்டுவிட்டுப் போயேன் என்றேன். ஆஸ்பத்திரியில் கீழே காத்திருக்கச் சொல்லிவிட்டு, மருந்து வேண்டும், கையெழுத்து வேண்டும் என்று போனில்தான் கூப்பிடுவார்களாம். அணைக்க முடியாது. ஆகவே மில்லில் இருக்கிற முந்நூறு பேரும் கூப்பிடாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் அவன் ஒரு வேலையை ஆரம்பித்தான்.

“எனக்குத் தெரிஞ்சத எல்லாம் வெளிய எடுத்து வச்சிட்டா, பொறவு என்னைய ஏன் அண்ணாச்சி கூப்பிடப் போறாக?” என்றான்.

அவன் செய்தது ரொம்பச் சின்ன விஷயம்தான். எங்கிருந்தும் போனில் திறக்கிற ஒரு இணையதளம். ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு பக்கம். மேலே தேடுவதற்கு ஒரு கட்டம், கீழே ‘திருத்து’ என்று ஒரு பட்டன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், தவறிருந்தால் அங்கேயே மாற்றலாம், புதிதாகத் தெரிந்ததைச் சேர்க்கலாம். இப்படிப் பலபேர் சேர்ந்து எழுதுவதை விக்கி என்பார்களாம். இதற்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் போதாதா என்று கேட்டேன். குரூப்பில் நேற்றுச் சொன்ன பதில் இன்றைக்குக் காலை வணக்கப் படங்களுக்குக் கீழே புதைந்துவிடும், மறுபடி என்னிடம்தான் வருவார்கள் என்றான்.

ஆயுத பூஜை வரைக்கும் அவன் ஞாயிற்றுக்கிழமை என்பதையே பார்க்கவில்லை. என் ஸ்டோரில் சாப்பாட்டு நேரம் முழுக்க லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருப்பான். சில நாள் தட்டிக்கொண்டே உட்கார்ந்த வாக்கில் தூங்கிப்போவான். இரண்டு பேர் ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் எழுதினால் ஒருத்தர் எழுதியது காணாமல் போகிறது என்று பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். சிக்னலுக்காக வெளியே வேப்பமரத்தடிக்கு இழுத்துப்போய், என் கையில் ஒரு போனைக் கொடுத்து, அவன் ஒன்றை வைத்துக்கொண்டு, “இப்ப அமுக்குங்க அண்ணாச்சி” என்று நூறு தடவையாவது அமுக்க வைத்திருப்பான். கடைசியில், ‘இந்தப் பக்கத்தை இப்போது ஆவுடையப்பன் எழுதிக்கொண்டிருக்கிறார், சற்றுப் பொறுக்கவும்’ என்று ஒரு வரி வரும்படி செய்துவிட்டான். இரண்டு பேர் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்று அம்புட்டுப் பாடுபட்டவன், ஒருத்தரும் வராமல் போனால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அறுபத்துமூன்று பக்கங்களை அவனே எழுதினான். ‘நம்ம நோட்டு’ என்று பெயர் வைத்தான். ஆயுத பூஜை அன்று டைம் ஆபீஸில் மெஷின்களோடு சேர்த்து அந்த லேப்டாப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். மேனேஜர் வந்து பட்டனை அமுக்கித் தொடங்கி வைத்தார். எல்லாரும் கையில் பொரி கடலையோடு நின்றார்கள். தங்கப்பாண்டியன் ஒவ்வொன்றாகக் காட்டினான். தவறாக எழுதிவிடுவோமோ என்று பயமே வேண்டாம், யார் எழுதினார், எத்தனை மணிக்கு எழுதினார் என்று கீழே பதிவாகிவிடும், பழசு எதுவும் அழியாது, அப்படியே இருக்கும் என்றான். தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னான்.

ஸ்பின்னிங் மேஸ்திரி சங்கிலிப்பாண்டி பொரி மெல்லுவதை நிறுத்திவிட்டு, “அப்போ நாங்க தப்பா எழுதினா அது எங்க பேரோட எப்பவும் இருக்குமா?” என்று கேட்டார். ஆமாம் என்று சந்தோஷமாகச் சொன்னான் இவன். மேனேஜர் தன் பங்குக்கு, புரியாதவர்கள் கேட்பதற்கு ஒவ்வொரு பக்கத்தின் கீழும் தங்கப்பாண்டியனின் போன் நம்பரைப் போடச் சொல்லிவிட்டுப் போனார். எந்த நம்பரிலிருந்து தப்பிக்க இரண்டு மாதம் உழைத்தானோ, அதே நம்பரை அறுபத்துமூன்று பக்கத்திலும் அவன் கையாலேயே ஒட்டினான்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் மில்லில் ஒவ்வொரு டிப்பார்ட்மென்ட்டிலும் அன்றன்றைக்கு நடந்ததைக் கையால் எழுதிவைக்கிற ஒரு லாக் புத்தகம் உண்டு. முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில், அடித்தல் திருத்தல் கூடாது என்று எழுதியிருக்கும். அடுத்தவர் எழுதியதில் கோடு போட்டால் மெமோ. ஒரு எட்டை ஒன்பதாக்கியதற்கு சங்கிலிப்பாண்டி மூன்று நாள் சஸ்பென்ஷனில் வீட்டில் உட்கார்ந்தவர். இப்படி வளர்ந்த கூட்டத்திடம் போய் ‘திருத்து’ என்று ஒரு பட்டனைக் கொடுத்தால், அதை யார் தொடுவார்கள்?

படித்தார்கள், நன்றாகவே படித்தார்கள். ஒரு நாளைக்கு எண்பது தொண்ணூறு பேர் திறந்தார்கள். எழுதியவர் பூஜ்யம். ஆனால் போன் மட்டும் கூடிவிட்டது. முன்பு சந்தேகம் கேட்கத்தான் கூப்பிட்டார்கள். இப்போது சந்தேகத்தோடு, உன் பக்கத்தில் மூன்றாவது வரி தப்பு, நீயே மாற்றிவிடு என்றும் கூப்பிட்டார்கள். நீங்களே மாற்றலாமே என்றால், “நீங்க எழுதினத நான் அடிக்கதா? நல்லாவா இருக்கும்?” என்று மரியாதையாகக் கேட்டார்கள். ‘நம்ம நோட்டு’ என்று யாரும் சொல்லவில்லை. தங்கப்பாண்டி நோட்டு என்றுதான் பெயர் விழுந்தது.

‘திருத்து’ என்பதை ‘எழுது’ என்று மாற்றிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. பேர் பதிவாகாமல் செய்து பார்த்தான். மேனேஜருக்குத் தெரிந்து, பொறுப்பில்லாமல் எவனாவது எழுதிவைப்பான் என்று சத்தம் போட, பேரை மறுபடி கொண்டுவந்தான். ஒருநாள் மதியம் ஓட்டமும் நடையுமாக ஸ்டோருக்கு வந்து போனை நீட்டினான். எடை மெஷின் பக்கத்தின் அடியில் முதல்முதலாக ஒரு வரி சேர்ந்திருந்தது. ‘ஓகே சார் நன்றி. பாண்டீஸ்வரி, பி சிஃப்ட்.’ அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

இதில் என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழையில் ஸ்டோர் கூரை ஒழுகியது. ஏழாம் ரேக்கில் இருந்த ஸ்பேர் சென்சார்களை எல்லாம் பன்னிரண்டாம் ரேக்குக்கு மாற்றினேன். ஒன்பதாம் நம்பர் மெஷின் பக்கத்தில், ஸ்பேர் ஏழாம் ரேக்கில் இருக்கிறது என்று அவன் எழுதியிருந்தது எனக்குத் தெரியும். பட்டனை அமுக்கி ஏழைப் பன்னிரண்டாக்க எம்புட்டு நேரம் ஆகும்? நூறு தடவை அமுக்கிப் பழகிய கை. அவன் எழுதியது, அவனிடமே சொல்லிவிடுவோம் என்று இருந்தேன். தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான், தினமும் சொல்ல மறந்தேன்.

கார்த்திகை வந்தது. மதுரைக்குக் கிளம்பும் முந்தின நாள், அவன் ஒவ்வொரு டிப்பார்ட்மென்ட்டாகப் போய், ஐந்து நாள் கூப்பிட வேண்டாம், எல்லாம் நோட்டில் இருக்கிறது என்று கும்பிடாத குறையாகச் சொன்னான். என்னிடம் வந்தபோது அவன் கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

“நீ போ தம்பி. ஒருத்தனும் உன்னக் கூப்பிடாம நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

பார்த்துக்கொள்ளவும் செய்தேன். ஆபரேஷன் அன்று காலையில் மட்டும் அவனைக் கூப்பிடப் போன மூன்று பேரைத் தடுத்தேன். ஒருவனைத் திட்டியே அனுப்பினேன். பகல் பன்னிரண்டு மணிவாக்கில் சிவபாண்டி என்கிற ஃபிட்டர் வந்தார். ஒன்பதாம் நம்பர் நின்றுவிட்டது, நோட்டைப் பார்த்து சென்சார்தான் என்று கண்டுபிடித்துவிட்டேன், ஏழாம் ரேக்கில் காணோமே என்றார். பன்னிரண்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஐந்து நிமிஷத்தில் மெஷின் ஓடியது. தங்கப்பாண்டியன் நினைத்தது அன்றைக்குத்தான் முதல்முறையாக நடந்தது. அவனைக் கூப்பிடாமலே வேலை முடிந்துவிட்டது.

சென்சாரை வாங்கிக்கொண்டு போகும்போதே சிவபாண்டி, அந்த ரேக் நம்பரை மாற்றச் சொல்லிவிடுங்கள், அடுத்த சிஃப்ட்காரன் தேடுவான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று இப்போது எத்தனை யோசித்தாலும் சரியாகப் பிடிபடவில்லை. உதவி கேட்கத்தானே கூடாது, தகவல் சொன்னால் என்ன என்று நினைத்தேன். ஆபரேஷன் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். ஸ்டோரில் சிக்னல் கிடையாதே, எழுந்து வெளியே நடந்து, வேப்பமரத்தடிக்குப் போய் நின்று, அவனைக் கூப்பிட்டேன்.

மில் நம்பர் எதையும் எடுப்பதில்லை என்று இருந்தவன் என் பெயரைப் பார்த்ததும் எடுத்துவிட்டான். முனீஸ்வரியை விசாரிக்கக் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கிறான்.

“சொல்லுங்க அண்ணாச்சி” என்றான், மெதுவாக.

“ஒண்ணுமில்ல தம்பி. ஒன்பதாம் நம்பர் பக்கத்துல ரேக்கு ஏழுன்னு போட்டிருக்க. நான் பன்னெண்டுக்கு மாத்திட்டேன். வந்த பொறவு திருத்திரு.”

அவனுக்குப் பின்னால், மயக்கத்தில் நாக்குப் புரளாத ஒரு பெண்குரல் கேட்டது. “மில்லா?”

அவ்வளவுதான். அவன், “வச்சிருதேன் அண்ணாச்சி” என்றான்.

செத்த நேரம் மரத்தடியிலேயே நின்றேன். பிறகு போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ரேக் 12 என்று மாறியிருந்தது. கீழே, ‘கடைசியாகத் திருத்தியவர்: தங்கப்பாண்டியன், பகல் 12.17’ என்று இருந்தது. வந்த பிறகு என்றுதானே சொன்னேன், இவனுக்கு என்ன அவசரம் என்று முதலில் அவன் மேல்தான் எரிச்சல் வந்தது. அப்புறம்தான் என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

பத்து நாள் கழித்து மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு சேத்தூருக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போதே சொல்ல வேண்டியதை எல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். முனீஸ்வரி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

“அன்னைக்கு நீங்கதான கூப்பிட்டீக அண்ணாச்சி? இருக்கட்டும். நீங்க இல்லாட்டி வேற யாராவது கூப்பிட்டிருப்பாக.”

கோபமே இல்லாமல் சொன்னாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அந்த நேரம் பார்த்துத் தங்கப்பாண்டியனின் போன் அடித்தது. எழுந்து தெருவுக்குப் போய்ப் பேசினான். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாதுளம்பழத்தை எண்ணாமலே கூடையில் எடுத்து வைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஒன்பதாம் நம்பர் பக்கத்தைத் திறந்து, அடியில் இருந்த அவன் நம்பரை அழித்துவிட்டு என் நம்பரைப் போட்டேன். ஐம்பத்துமூன்று வயதில், சேமிக்கும் பட்டனை அமுக்கும்போது மெமோ வருமோ என்று கை கூசியது. ‘கடைசியாகத் திருத்தியவர்: ஆவுடையப்பன்’ என்று வந்தது. அதற்குக் கீழே அந்த 12.17 அப்படியேதான் இருந்தது. பழசு எதுவும் அழியாது என்று அவன் ஆயுத பூஜையன்றே சொன்னான்.

அடுத்த பக்கத்தைத் திறந்தேன். அதிலும் மாற்றினேன். ராஜபாளையம் தாண்டி மடவார் வளாகத்தில் இறங்குவதற்குள் பதினேழு பக்கம் முடிந்தது. மீதியை வீட்டில் உட்கார்ந்து முடித்தேன்.

மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. சங்கிலிப்பாண்டி. எடை மெஷினில் சீட்டு வரவில்லையாம். எனக்கு எடை மெஷினைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. வாயைக் கொப்பளித்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து, தங்கப்பாண்டியன் எழுதியிருந்ததை முதல் வரியிலிருந்து அவருக்கு வாசித்துக் காட்டினேன்.