நிபியாவின் கை

நிபியா தெச்சேராவுக்கு வாயைவிடக் கை முந்தும். மொந்தெவிதேயோவில் அவள் கண்டக்டராக இருந்த பஸ்ஸில் ஏறி இறங்குகிற எல்லோருக்கும் அது தெரியும். ஒருமுறை ஒரு பிக்பாக்கெட் கிழவர் ஒருவரின் கோட்டுப் பைக்குள் கைவிட்டதைப் பார்த்துவிட்டாள். டிரைவரைக் கூப்பிடவில்லை, சத்தமும் போடவில்லை. அவன் கையைப் பிடித்து, மூடிக்கொண்டிருந்த கதவுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தாள். விரல் முறிந்த சத்தம் கடைசி சீட் வரைக்கும் கேட்டதாம். "இறங்குறியா, இல்ல இன்னும் ஒரு ஸ்டாப் வரியா?" என்று அவனிடம் கேட்டாளாம்.

வீட்டிலும் அப்படித்தான். அவளுடைய அப்பா இறைச்சித் தொழிற்சாலையில் மாடு அறுக்கிறவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டைக் கழற்றுவார். ஒருநாள் அந்தப் பெல்ட்டை அவர் கையிலிருந்து பிடுங்கி, பட்டையாலல்ல, கொக்கியாலேயே திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. யாரும் யாரிடமும் பேசவுமில்லை. பிறகு வில்மார் என்று ஒருவனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் குடித்துவிட்டு வந்து கன்னத்தில் அறைந்தான். அடுப்பிலிருந்த வாணலி அப்படியே அவன் தாடைக்குப் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனவன் திரும்பவேயில்லை. "அவனை அடிச்சதுல ஒண்ணும் வருத்தமில்ல. நல்ல வாணலி, நெளிஞ்சு போச்சு" என்பாள்.

நாய் வந்ததும் ஓர் அடிதடியில்தான். குப்பை பொறுக்குகிற குதிரைவண்டிக்காரன் ஒருவன், வண்டிக்கடியில் கட்டியிருந்த நாயைச் சிக்னலில் நின்றபடி சவுக்கின் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தான். பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து நிபியா இறங்கினாள். சவுக்கைப் பிடுங்கி அவன் முகத்தில் ஒன்று, முதுகில் ஒன்று. கயிற்றை அறுத்து நாயைத் தூக்கிக்கொண்டு மறுபடி பஸ்ஸில் ஏறினாள். ஒரு காது பாதி கிழிந்து தொங்கியது. சட்டையெல்லாம் ரத்தம்.

"நாய்க்கு டிக்கெட் போட்டியா நிபியா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். பஸ்ஸே சிரித்தது. அதுவே அதற்குப் பெயராகிவிட்டது. பொலேத்தோ. அந்த ஊர்ப் பேச்சில் டிக்கெட் என்று பொருள். பஸ்ஸை நடுரோட்டில் விட்டுவிட்டு இறங்கியதற்காக அவளைச் சில நாள் சஸ்பெண்ட் செய்தார்கள். அந்த நாட்களில்தான் நாயைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கரைப் பூங்காவுக்குப் போக ஆரம்பித்தாள்.

பெரிய பூங்கா ஒன்றுமில்லை. ஓடையை ஒட்டித் தைலமரங்கள், அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் மண் நடைபாதைகள், நாணல் புதரில் நீர்க்கோழிகள். கோடியில் கம்பி வலை அடைத்த இரண்டு பட்டிகள். ஒன்று பெரிய நாய்களுக்கு, ஒன்று சின்ன நாய்களுக்கு. கழுத்துச் சங்கிலியை அவிழ்த்துவிட்டால் நாய்கள் இஷ்டத்துக்கு ஓடும். ஆட்கள் கக்கத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு, மாத்தே என்கிற இலைத் தேநீரைக் குழலால் உறிஞ்சியபடி வம்பு பேசுவார்கள். பல் டாக்டர் லாமாஸ் தன் வேட்டைநாயோடு வருவார். இரிஸ் டீச்சர், ரிட்டயரானவள், ஸ்வெட்டர் போட்ட ஒரு குட்டி நாயை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாள். பொலேத்தோ முதல் வாரம் முழுக்க நிபியாவின் காலுக்கு நடுவிலேயே நின்றது. அப்புறம் ஓடத் தொடங்கியது. அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நிபியாவின் கை இரண்டும் சும்மா தொங்கும். வேறெங்கும் அவை அப்படிச் சும்மா இருந்ததில்லை.

பெரிய பட்டிக்குப் பின்சுவர், ஏபெர் பின்தோஸ் என்பவனின் படுக்கையறைச் சுவர். ஏபெர் ஒரு பேக்கரியில் ராத்திரி ஷிப்டில் மாவு பிசைகிறவன். ஊர் விழிக்கும்போது அவன் படுப்பான். அவன் படுக்கும்போது நாய்கள் வந்துவிடும்.

"தூங்க விடுங்கடா பாவிகளா!" என்று ஜன்னலைத் திறந்து கத்துவான். "ராத்திரி பூரா உங்களுக்குத்தானே ரொட்டி சுடுறேன்!"

"உன் ரொட்டியா? செங்கல் மாதிரி இருக்கு! என் நாயே மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது!" என்று நிபியா இங்கிருந்து கத்துவாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

சிரிப்போடு நிற்கவில்லை. ஒருநாள் அவன் ஜன்னல் வழியாக ஹோஸ் பைப்பை நீட்டி எல்லோரையும் நனைத்தான். குளிர்காலம். இரிஸ் டீச்சர் ஒரு வாரம் இருமினாள். மறுநாள் டாக்டர் லாமாஸ் நாய்ப் பீயை ஒரு பையில் கட்டி அந்த ஜன்னலுக்குள் வீசினார். அது ஏபெரின் தலையணையில் விழுந்ததாம். அடுத்த நாள் அவன் வெளியே வந்து லாமாஸின் சட்டையைப் பிடித்தான். நிபியா நடுவில் போய் ஒரே தள்ளாகத் தள்ளினாள். விழுந்தவன் எழுந்து, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனான். அன்றைக்கு நிபியாவைச் சுற்றி நின்று எல்லோரும் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். "நம்ம பட்டிக்கு நீதான் காவல்நாய்" என்றார் லாமாஸ். அவளுக்கு அது பிடித்திருந்தது.

அந்த ஊரில் ஜூலைதான் நடுக்குளிர். அந்த மாதத்து ஒரு காலையில், புல்லில் உறைபனி இன்னும் இருந்தபோது, பொலேத்தோ பின்சுவரோரம் எதையோ மோந்து தின்றது. நிபியா மாத்தே குடித்துக்கொண்டிருந்தாள். அது தள்ளாடியபடி அவளை நோக்கி வந்தது. பாதி வழியில் பின்னங்கால்கள் மடிந்தன. அவள் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் உடம்பு வில்லாக வளைந்து, வாயிலிருந்து நுரை தள்ளியது. பற்கள் அவள் முழங்கையைக் கவ்விக்கொண்டன. கடிக்கவேண்டும் என்று கடிக்கவில்லை, அதற்கு எதைக் கவ்வுகிறோம் என்றே தெரியவில்லை. அவள் கையை உருவவில்லை. "விடாதே, பிடிச்சுக்கோ, பிடிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். அங்கே லாமாஸின் வேட்டைநாயும் புரண்டுகொண்டிருந்தது. சுவரோரம் இன்னும் சில இறைச்சி உருண்டைகள் கிடந்தன.

பொலேத்தோவின் வாய் தளர்ந்தபோது முழங்கையில் ஆழமாகப் பல் தடம் இருந்தது. நாயைப் புல்லில் கிடத்தினாள். ஃபிளாஸ்க்கை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பட்டியைச் சுற்றிப் போய் ஏபெரின் வாசலில் நின்று கதவை உதைத்தாள்.

பனியனோடு வந்து திறந்தான். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

"நீயா போட்டே?"

"ஆமா" என்றான். "நான்தான். இனிமே தூங்குவேன்."

ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக் கழற்றினாள். அவன் என்னவென்று பார்த்துக்கொண்டு நின்றான். வெந்நீரை அவன் கழுத்தில், தோளில், காதோரம், கடைசிச் சொட்டு வரை ஊற்றினாள். அவன் அலறிய அலறலில் ஓடைப் பக்கத்துப் பறவைகள் கிளம்பிப் பறந்தன. கீழே விழுந்தவனை விலாவில் உதைத்தாள், மறுபடி உதைத்தாள். பின்னால் கூட்டம் கூடியிருந்தது. யாரும் தடுக்கவில்லை. "குடு அவனுக்கு, இன்னும் குடு!" என்று கத்தியது இரிஸ் டீச்சரின் குரல். நாற்பது வருஷம் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த குரல்.

போலீஸ் அவளைக் கொண்டுபோய், எழுதி வாங்கிக்கொண்டு, விசாரணைக்கு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியது. வீட்டில் வந்து உட்கார்ந்தாள். உடம்பு முழுக்க ஒரு திருப்தி இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அவன் அலறலை நினைத்து நினைத்துப் பார்த்தாள். பசிக்கவும் செய்தது. நன்றாகச் சாப்பிட்டாள்.

ஏபெரை ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப்போட்டு அனுப்பிய நாள் சாயங்காலம் இரிஸ் டீச்சர் போன் பண்ணினாள். "சீக்கிரம் வா நிபியா. வந்துட்டான். லாமாஸ் டாக்டர் எல்லாரையும் கூட்டிட்டுப் போறாரு. நீ இல்லாம எப்படி?"

போனாள். தடுக்கத்தான் போனாள் என்று யாராவது சொன்னால் அது பொய். பார்க்கத்தான் போனாள்.

அவள் போய்ச் சேர்வதற்குள் ஜன்னல் கண்ணாடிகள் உடைந்து கிடந்தன. கதவு பெயர்ந்திருந்தது. தினமும் நல்லா இருக்கியா என்று கேட்கிற முகங்கள், கையில் கல்லோடு நின்றன. ஏபெரை வெளியே இழுத்து வந்திருந்தார்கள். லாமாஸ் தன் செத்துப்போன நாயின் சங்கிலியை அவன் கழுத்தில் மாட்டி, பட்டியை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தார். இழுத்தால் இறுகுகிற சங்கிலி அது. ஏபெர் முழங்காலில் தவழ்ந்தான்.

"குரைடா!" என்றார் லாமாஸ். "குரைச்சாதான் விடுவேன். குரை!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நிபியாவுக்கும் முதலில் சிரிப்பு வந்தது. இன்னும் இரண்டடி கிட்டே போனாள். கழுத்துக் கட்டு நழுவியிருந்தது. சங்கிலி இறுகிய இடத்தில் வெந்த தோல் உரிந்து, சங்கிலியோடு சேர்ந்தே வந்தது. அடியில் சதை ஈரமாகச் சிவந்திருந்தது. அது தன் கை செய்தது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏபெர் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. குரைக்கத்தான் முயன்றான்.

"டாக்டர், விடுங்க."

"நீ சும்மா இரு. உன் நாய்க்கும் சேர்த்துத்தான்."

"விடுங்கன்னு சொல்றேன்ல."

லாமாஸ் இன்னொரு இழுப்பு இழுத்தார். நிபியாவின் முஷ்டி அவர் வாயில் விழுந்தது. பல் டாக்டரின் முன்பல் இரண்டும் மண்ணில் போய் விழுந்தன. அவ்வளவுதான், கூட்டம் அவள்மேல் பாய்ந்தது. ஒருவனின் மூக்கைத் தலையால் முட்டி உடைத்தாள். ஒருவன் கையைக் கடித்தாள். யாரோ பின்னாலிருந்து கட்டையால் அடித்ததில் விலா எலும்பு முறிந்து மூச்சு நின்று போனது. அந்த மூச்சு திரும்புவதற்குள் இரிஸ் டீச்சர் அவள் தலைமுடியைப் பிடித்து உலுக்கினாள். "துரோகி! நன்றிகெட்டவளே!" நிபியா அந்தக் கிழவியை மட்டும் அடிக்கவில்லை. முடி கொத்தாகப் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு, ஏபெரை அக்குளில் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். கதவு இல்லாத வாசலில், பெயர்ந்து கிடந்த சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க. யாரு முதல்ல?"

யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் ஏசினார்கள், ஒரு கல் வந்தது. பிறகு சைரன் கேட்டதும் கலைந்தார்கள்.

உள்ளே ஏபெர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சங்கிலியை அவன் கழுத்திலிருந்து எடுக்க அவளுக்கு நேரம் பிடித்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"இதுக்காக உன் கால்ல விழுவேன்னு நினைக்காதே" என்றான்.

"உன்னை யாரு விழச் சொன்னா? தண்ணி எங்க இருக்கு?"

"சமையல்கட்டுல. கொதிக்க வெச்சுடாதே."

அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள். தண்ணீர் டம்ளரை அவன் வாங்கியபோதுதான் அவன் இடது கையில் இரண்டு விரல் இல்லாததைக் கவனித்தாள். அவள் பார்ப்பதை அவனும் பார்த்தான்.

"மாவு பிசையுற மெஷின்" என்றான். "நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். போன வருஷம்."

நிபியா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வெளியே போலீஸ்காரர்களின் பேச்சு கேட்டது.

"அதுக்கு என்னை வந்து அடிச்சிருக்கலாமே. கத்தினது நான். சிரிச்சது நான். அது என்ன பண்ணுச்சு? வாயில்லாத ஜீவன்."

"உன்னையா?" என்றான் ஏபெர். "உன்னைப் பாத்தாலே எனக்குப் பயம்."

நாயை இழந்ததற்கு அப்போதுதான் முதன்முதலாக அழுதாள். அவன் முன்னால், அவன் வீட்டுத் தரையில். அவன் ஆறுதல் சொல்லவில்லை. எழுந்து போகவும் சொல்லவில்லை.

வழக்கு நடந்தது. மாத்தேவுக்கான தண்ணீரை யாரும் கொதிக்கவிடுவதில்லை, கொதித்த தண்ணீராக இருந்திருந்தால் இந்த மனுஷன் காதையே இழந்திருப்பான் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சாட்சி சொன்னார். நிபியா எதையும் மறுக்கவில்லை. "ஊத்தினேன். தெரிஞ்சுதான் ஊத்தினேன்" என்றாள். அவளுக்குச் சமூக வேலைத் தண்டனை கிடைத்தது. ஓடையில் இறங்கிக் குப்பை அள்ளினாள். விஷம் வைத்ததற்கு ஏபெருக்கும் தண்டனை உண்டு. லாமாஸ் வக்கீல் வைத்துத் தப்பித்தார். கல்லெறிந்த மற்றவர்களை யாரும் அடையாளம் சொல்லவில்லை. ஏபெரும் சொல்லவில்லை, நிபியாவும் சொல்லவில்லை. சொன்னால் ஆகிற காரியமா, அடுத்த நாளும் அதே தெருவில்தானே இருக்கவேண்டும்.

பெரிய பட்டியை மாநகராட்சி ஓடைக்கு அந்தப் பக்கம் மாற்றியது. நிபியா இன்னொரு நாய் வாங்கவில்லை. லீவு நாளில் நடைபாதையில் தனியாக நடப்பாள். பட்டிக்காரர்கள் எதிரே வந்தால் நாயை இழுத்துக்கொண்டு ஒதுங்குவார்கள். இரிஸ் டீச்சர் மட்டும் ஒருநாள் நின்று, "என் நாயை ஒரு நிமிஷம் பிடிச்சுக்கோ, ஷூ கயிறு அவுந்துருச்சு" என்றாள். நிபியா பிடித்துக்கொண்டாள். கயிற்றைக் கட்டிவிட்டு டீச்சர் நன்றி சொல்லாமல் போனாள்.

தண்டனை முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு விடியற்காலை ஏபெர் அவளுடைய பஸ்ஸில் ஏறினான். ஷிப்ட் முடிந்து மாவுத் தூசியோடு வந்திருந்தான். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். பக்கத்து சீட்டுப் பெண்மணி அவன் கழுத்தில் இழுத்துக்கொண்டு பளபளத்த தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயையோ, என்னாச்சு தம்பி?"

"அடுப்புல பட்டுருச்சும்மா" என்றான் ஏபெர்.

நிபியா இரண்டு வரிசை தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் ஊற்றினேன் என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்ல வாயெடுத்தாள். அவன் கண்ணை மூடிக் கண்ணாடியில் தலையைச் சாய்த்துவிட்டான். அவனுடைய ஸ்டாப் வந்தபோது நல்ல தூக்கத்தில் இருந்தான். அவள் தோளைத் தொடப் போய், தழும்பைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டு, சீட்டின் கம்பியில் தட்டினாள்.

"ஏபெர். எழுந்திரு. வீடு வந்துருச்சு."